ஏப்ரல் ஐந்தாம் தேதிக் கையெழுத்து

சான் வெனான்சியோ
மார்ச் 20, திங்கள்

அராமி,

உன் கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். நான் அனுப்பிய பதினொரு குரல் பதிவுகளும் ஒற்றைக் குறியோடு தொங்குகின்றன. அதனால்தான் பல வருடத்துக்குப் பிறகு காகிதத்தை எடுத்திருக்கிறேன். என்கார்னசியோன் பஸ்ஸின் நடத்துனர் எவெலியோ இதை உன் கையில் நேராகக் கொடுப்பான். வாங்கும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று வந்து சொல்லவும் சொல்லியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு, மருத்துவமனையில் கிருமி நீக்கும் இரண்டாம் நம்பர் நீராவி இயந்திரத்துக்குள் அறுவைக் கருவிகள் வெந்துகொண்டிருக்கும்போது, நீ அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தாய். நம் பிரிவுப் பிளாசிதா பின்னாலேயே வந்து கூப்பிட்டாளாம். "என் நேரம் முடிஞ்சிருச்சு" என்றாயாம். அவ்வளவுதான். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. ஊரை விட்டே போய்விட்டாய் என்பதை உன் அம்மா வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஞானஸ்நானத் தொட்டியில் உன் தலையைப் பிடித்த எனக்கு இந்த மரியாதை!

அந்த வேலையை உனக்கு வாங்கித் தர நான் யார் யார் வாசலில் நின்றேன் தெரியுமா? மருத்துவமனை இயக்குநரின் மனைவி பிறந்தநாளுக்கு இரண்டு தட்டு சோள ரொட்டி சுட்டுச் சுமந்துகொண்டு போனேன். "என் ஞானமகள், என் கையால வளர்ந்தவ, அவளுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னேன். இப்போது இயக்குநரைத் தாழ்வாரத்தில் பார்த்தால் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நழுவுகிறேன். உன் அம்மா நிமியா வேலிக்கு அந்தப் பக்கமே துணி காயப்போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

முதல் வாரம் கையுறை கேட்டாய். இரண்டாம் வாரம் நாற்காலி கேட்டாய். ஒன்பது மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து ஒரே குவளையில் தெரெரே பானம் குடிக்கும்போது, உறிஞ்சுகுழல் உன்னிடம் வந்தால் "வேண்டாம்" என்று உன் சொந்தப் புட்டியைத் திறந்தாய். பிளாசிதாவுக்கு அது எவ்வளவு உறைத்தது தெரியுமா? மூன்றாம் மாதம் "இந்த வேலைல எனக்கு நிறைவு இல்ல" என்றாய். நிறைவு! நான் முப்பத்தொரு வருடமாகக் கருவி கழுவுகிறேன். ஒரு நாளாவது கத்திரிக்கோல் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததில்லை. கண்ணாடித் தலைமுறை என்று உங்களைத் தொலைக்காட்சியில் சும்மா சொல்லவில்லை. ஒரு சொல் உரசினால் விரிசல்.

போகும்போது நீ கைகூப்பி என்னிடம் ஆசி கேட்கவில்லை. நானும் இந்தக் காகிதத்தில் அதை வைத்து அனுப்பவில்லை.

செஃபெரினா


என்கார்னசியோன்
மார்ச் 26, ஞாயிறு

ஞானத்தாய்க்கு,

என் முகம் நன்றாக இருந்தது என்று எவெலியோ சொல்லியிருப்பார். இரண்டு எம்பனாடா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கையுறை கேட்டேன், உண்மைதான். கழுவும் தொட்டியில் யாரோ போட்டுவிட்டுப் போன ஊசி என் கட்டைவிரலில் ஏறிய மறுநாள் கேட்டேன். அதை ஏன் எழுதவில்லை? மூன்று மாதம் ஒவ்வொரு மாதமும் ரத்தம் கொடுத்துச் சோதனை செய்துகொண்டேன். முடிவு வரும்வரை அம்மாவின் தட்டில் கைவைக்கவில்லை. உறிஞ்சுகுழல் விஷயத்துக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊரில் உள்ள கிருமியை எல்லாம் கொல்வதற்கென்று இருக்கும் பிரிவில் ஆறு வாய்க்கு ஒரே குழல். சிரிப்பு வரவில்லையா உங்களுக்கு?

நான் போனது இதற்காக அல்ல. பதிவு ஏட்டுக்காக. காலை ஏழு மணிக்கு, இயந்திரம் இன்னும் சூடாகாதபோதே, பிளாசிதா அக்கா அன்றைய ஆறு சுற்றுக்கும் எழுதி முடித்துவிடுவார். வெப்பம் 134, 134, 134. சோதனைக் குப்பி ஊதா, ஊதா, ஊதா, கிருமி எல்லாம் செத்துவிட்டதாம். "அக்கா, இது இன்னும் நடக்கவே இல்லையே" என்றேன். "நடக்கும்டி. எப்பவும் நடக்குது. நீ கையெழுத்தப் போடு, தெரெரே ஆறுது" என்றார். ஆறுவதற்கு அது குளிர்ந்த பானம்தானே! உங்களிடம் வந்து சொன்னேன். "புதுசா வந்தவ ஏட்டப் பத்திப் பேசாத" என்றீர்கள். கையெழுத்து என்பது என் பெயர். நடக்காத ஒன்றுக்கு என் பெயரைக் கொடுக்க முடியாது.

இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறேன். நேற்று ஒரு தையல்காரி வந்தாள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தன் கையைப் பார்த்தாள். "ஐயோ, இவ்வளவு சுருக்கமா? கழட்டிக் குடுத்துடட்டுமா?" என்றாள். பிறகு கடைப் பலகையில் இருந்த சின்ன எழுத்தையெல்லாம் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் போனாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிறைவு என்று நான் சொன்னது இதைத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நேரம் முடிந்தது, போனேன்.

அராமி


சான் வெனான்சியோ
ஏப்ரல் 3, திங்கள்

அராமி,

ஊசியைப் பற்றி எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையுறைக்காக நானே இயக்குநர் மேஜையில் ஏறி உட்கார்ந்திருப்பேன். அதற்காக, நீ ஓடிப்போனது சரி என்று ஆகிவிடாது.

புனித வாரம் வந்துவிட்டது. புதன்கிழமை சிப்பா ரொட்டி சுடுகிறோம், உங்கள் வீட்டு மண் அடுப்பில்தான். உன் அம்மா வேலியைத் தாண்டி வந்து "பாலாடைக்கட்டி உன் பங்கு" என்று மட்டும் சொன்னாள். ஐந்து வார மௌனத்துக்குப் பிறகு பாலாடைக்கட்டி! ஐந்து இல்லை, மூன்றுதான். எனக்கு அப்படித் தோன்றுகிறது. எவெலியோ கையில் பன்னிரண்டு சிப்பா அனுப்புகிறேன், அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்கும் கொடு.

மிர்த்தாவுக்கு வயிற்றில் குழந்தை தலைமாறிக் கிடக்கிறதாம். பள்ளியில் உன்னோடு கடைசி வரை ஒரே பெஞ்சில் இருந்தவள், பஸ் நிலையத்தில் கூடை வைத்து விற்கிறாளே, அவள்தான். வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. உன்னை விசாரித்தாள். தன் எண் உன்னிடம் இருந்தும் நீ பேசுவதில்லை என்றாள்.

இன்னொன்று. உன் இடம் பத்திரமாக இருக்கிறது. எப்படி என்று கேட்காதே, அது என் பாடு. நீ ஊரில் இல்லை என்பது மருத்துவமனையில் நம் பிரிவைத் தவிர யாருக்கும் தெரியாது. பாஸ்கா விழா முடிந்த திங்களன்று காலை ஏழு மணிக்கு வந்து நின்றால் போதும். அங்கி அதே ஆணியில்தான் தொங்குகிறது, துவைத்து வைத்திருக்கிறேன். ஆறு மாதப் பயிற்சி முடிந்தால் நிரந்தரம். அதன் பிறகு உன்னை யாராலும் அசைக்க முடியாது. அப்புறம் உன் நிறைவை நிதானமாகத் தேடிக்கொள்.

நீ கேட்காவிட்டாலும் போகட்டும், ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

உன் ஞானத்தாய்
செஃபெரினா


என்கார்னசியோன்
ஏப்ரல் 19, புதன்

இன்று காலை பதினோரு மணிக்குக் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கண்ணாடிக்காக வந்தவர்கள் என்று நினைத்து நாற்காலி போட்டேன். தலைநகரிலிருந்து வந்த விசாரணைக் குழுவாம். அந்தப் பெண் ஒரு பிரதியை மேஜையில் வைத்தாள்.

"அராமி கன்யேதே நீங்கதானே? இது உங்க கையெழுத்தா, பாருங்க."

ஏப்ரல் 5, புதன். இரண்டாம் நம்பர் இயந்திரம். இரண்டாம் சுற்று. வெப்பம் 134. குப்பி ஊதா. கீழே என் கையெழுத்து, கடைசியில் வரும் சுழி உட்பட.

"இது என்னுது மாதிரிதான் இருக்கு. ஆனா நான் மார்ச் பதினாலுலேர்ந்து அங்க இல்லங்க" என்றேன். அவள் அடுத்த தாளை எடுத்தாள். மார்ச் 15, 16, 17. அதற்கு அடுத்த வாரம் முழுக்க. அதற்கும் அடுத்த வாரம் முழுக்க. நான் இங்கே வில்லை தேய்த்துக்கொண்டிருந்த பதினாறு நாளும் அங்கே கருவி வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இறந்துபோனவர்கள் தங்கள் பெயரை எங்காவது பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

பிறகுதான் எதற்காக வந்தார்கள் என்று சொன்னார்கள். புனித வியாழன் அன்று அறுவை செய்த மூன்று பெண்களுக்குச் சீழ் பிடித்துவிட்டது. மூவருக்கும் பயன்படுத்திய கருவிகள் அந்த ஒரே சுற்றில் வெந்தவை. இரண்டு பேர் தேறிவிட்டார்கள். மூன்றாவது பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வயது இருபத்து மூன்று. பெயர் வாசித்தார்கள்.

மிர்த்தா.

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. குற்றம் செய்தவள்தான் இப்படி வெளுத்துப்போவாள் என்று நினைத்திருப்பாள். மே ஐந்துக்குள் நான் எழுத்தில் பதில் தர வேண்டும்.

யார் போட்டது? பிளாசிதா அக்காவா? அவருக்கு என் கையெழுத்தின் சுழி வராது. அந்தச் சுழி எனக்கு எங்கே வந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. ஆறு வயதில், உங்கள் சமையலறை மேஜையில், என் கையைப் பிடித்து நீங்கள்தான் போட்டுக் காட்டினீர்கள்.

நீங்கள் இல்லை என்று எழுதுங்கள். ஒரு வரி போதும். கெஞ்சிக் கேட்கிறேன்.

அராமி


சான் வெனான்சியோ
ஏப்ரல் 23, ஞாயிறு

என் மகளே,

நான்தான்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் தாளில் பிளாசிதா மேல் போட்டேன். இரண்டாவதில் உன் மேலேயே போட்டேன், நீ சொல்லாமல் ஓடியதால்தானே என்று. மூன்றாவதை எவெலியோவிடம் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பிய பிறகு ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன். ஐம்பத்தொன்பது வயதில் பஸ்ஸின் பின்னால் ஓடினேன். நிலையம் முழுக்கப் பார்த்தது.

வருகைக்கு விரல் வைக்கும் இயந்திரம் ஜனவரியிலிருந்து பழுது. ஏட்டில் கையெழுத்து இருந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். நீ இரண்டு நாளில் கோபம் ஆறித் திரும்பிவிடுவாய் என்று நினைத்தேன். முதல் நாள் ஒரு சுற்றுக்கு உன் பெயரைப் போட்டேன். கை தானாகவே போட்டது, சின்ன வயதில் உனக்குப் போட்டுக் காட்டினேனே. பிறகு பழகிவிட்டது. சம்பளம் எப்படியும் மூன்று மாதம் தாமதம், அதற்குள் நீ வந்துவிடுவாய். யாருக்கும் கெடுதல் இல்லை, ஒரு பிள்ளையின் இடத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் இருந்தேன். அராமி, சத்தியமாக அன்பில்தான் செய்தேன்.

புதன்கிழமை பத்து மணிக்குச் சீக்கிரமாகவே மூடிவிட்டு சிப்பா சுடப் போனோம். புனிதப் புதனில் எந்தப் பிரிவுதான் நாள் முழுக்கத் திறந்திருக்கிறது?

இப்போது கேட்கப்போவதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. இது என் கை என்று தெரிந்தால் முப்பத்தொரு வருடமும் போகும். நீயோ பயிற்சியில் இருந்தவள், சின்னவள், கையில் வேறு வேலை இருக்கிறது, அதுவும் பிடித்த வேலை. "அன்று வந்திருந்தேன், கவனக்குறைவு" என்று நீ இரண்டு வரி எழுதினால் ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு முடிந்துவிடும் என்று இயக்குநரே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்காகக் கேட்கவில்லை, பிளாசிதா, மற்றவர்கள், எல்லோருக்கும் வயிறு இருக்கிறது. உன்னை வளர்த்ததற்கு நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

செஃபெரினா


என்கார்னசியோன்
ஏப்ரல் 27, வியாழன்

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு மறுபடியும் வாசித்தேன், நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று. இல்லை. என் பெயரைத் திருடினீர்கள். இப்போது திருடிய பெயரை நானே கொடுத்ததாக எழுதச் சொல்கிறீர்கள். எங்களைக் கண்ணாடி என்றீர்களே, நீங்கள் எதனால் ஆனவர்?

வளர்த்ததற்குக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

எழுத மாட்டேன். நான் அங்கே இல்லை.

இதோடு முடித்து உறையை ஒட்டிவிட்டேன். எவெலியோவின் பஸ் வரை போனேன். கொடுக்க முடியாமல் திரும்பி வந்து பிரித்து, இதற்குக் கீழே எழுதுகிறேன். இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் வாய்ச்சவடால்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி. முந்தின நாள் சோதனைக் குப்பி ஒன்றை இரண்டாம் நம்பர் இயந்திரத்தில் கருவிகளோடு நானே வைத்தேன். யாரும் சொல்லாமல், உங்கள் ஏட்டைப் பொய்யென்று காட்டவேண்டும் என்ற வீம்பில். வெந்ததும் சூட்டுப் பெட்டிக்கு மாற்றி, மறுநாள் பகல் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எடுத்துப் பார்த்தேன். மஞ்சள். ஊதா இல்லை, நல்ல மஞ்சள். உள்ளே கிருமி சாகவில்லை. அந்த இயந்திரம் கொல்லவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம் இல்லை. சந்தோஷம். "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று உங்கள் முகத்தில் எறியவேண்டும் போல இருந்தது. தெரெரே அறைக்குப் போனேன். நீங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பிளாசிதா அக்கா என்னைப் பார்த்து, "வாங்க டாக்டரம்மா, இன்னைக்கு எந்தக் கிருமியக் கைது பண்ணீங்க?" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குப்பியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இது என் இயந்திரம் இல்லை, என் மருத்துவமனை இல்லை, வெந்தால் வேகட்டும், வேகாவிட்டால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டேன். அங்கியைக் கழற்றினேன். போகிற வழியில் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் முதல் குரல் பதிவு வந்தது, கத்தினீர்கள். தடுத்தேன். அன்று இரண்டாம் நம்பரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். என் நேரம் முடிந்துவிட்டதாம்.

இது யாருக்கும் தெரியாது. ஏட்டில் இல்லை. நான் சொல்லாவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று நாளாக இந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். விசாரணைக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

அராமி


சான் வெனான்சியோ
மே 1, திங்கள்

அராமி,

உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் மட்டும் இல்லை என்று ஒரு நிமிடம் உடம்பே லேசானது. அடுத்த நிமிடம் கண்ணாடியில் என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உன் வயதுக் குழந்தையின் தவறில் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தேனே.

வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். பதினாறு நாள் கையெழுத்தும் என் கை என்று எழுதிக் கொடுத்தேன். உனக்குக்கூட நான் முழுதும் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை ஒன்பதேமுக்காலுக்கு உன் அம்மா ஆள் அனுப்பினாள், மண் அடுப்பு சூடேறிவிட்டது, தணலைக் கூட்டித் தள்ளப்போகிறோம், உடனே வாருங்கள் என்று. அந்த அடுப்பு காத்திருக்காது, உனக்குத் தெரியும். இரண்டாம் நம்பரில் சுற்று பாதிதான் ஓடியிருந்தது. நான் நிறுத்தினேன். என் விரலால். கருவிப் பொதியில் ஒட்டும் சோதனைப் பட்டையில் கோடு கறுக்காமல் சாம்பல் நிறத்தில்தான் விழுந்திருந்தது. "எப்பவும் நல்லாத்தானே வரும்" என்று சொல்லி அடுக்கச் சொன்னேன். ஏடு காலையிலேயே எழுதியாகிவிட்டது, உன் பெயரில்.

இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். கதவு ரப்பர் மாதக்கணக்காகக் கசிந்திருக்கிறதாம். முழு நேரம் ஓடியிருந்தாலும் சரியாக வெந்திருக்காது என்றான் மெக்கானிக். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் குப்பியைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் கை செய்ததை என் கை எழுதியது. உன் கை செய்ததை உன் கைதான் எழுத வேண்டும்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதே இல்லை என்கிறார். அவர் மனைவி சாப்பிட்ட ரொட்டியையும் மறந்திருப்பார்.

நேற்று மிர்த்தா வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் அந்தத் தகரக் கூரை வீடு. குழந்தை மடியில் இருந்தது, பெண் குழந்தை, தலை நிறைய முடி. மிர்த்தா பாதியாகிவிட்டாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்.

"புதன்கிழமை பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"நிமியா வீட்டு அடுப்புகிட்ட."

"அந்தச் சிப்பாவதானே எனக்குக் கொண்டாந்தீங்க? வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரில. துணில சுத்தி, சூடு பண்ணி. நல்லாருக்குன்னு சொன்னேனே."

அராமி, நான் அதை மறந்தே போயிருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பிட்டுப் பிட்டு ஊட்டினேன். "சாப்பிடு, தாய்ப்பால் ஊறும்" என்றேன்.

அவள் அழவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டுல அராமி கையெழுத்துன்னு சொன்னாங்க. முதல்ல அவளத்தான் திட்டித் தீத்தேன். அது உங்க கைன்னா, அவளுக்கு இதுல ஒண்ணுமில்லையா?"

வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. உன்னைக் காப்பாற்ற இன்னொரு பொய், இதுவும் அன்பில்தான். சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அத அவதான் சொல்லணும்" என்றேன்.

மிர்த்தா குழந்தையின் துணியை இழுத்து மூடினாள்.

"அப்ப இருக்கு" என்றாள். பிறகு, "வரச் சொல்லுங்க. ரெண்டு மணிக்குப் பாப்பா தூங்கும். அப்ப வரட்டும். கத்த மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்வளவுதான்."

இதைத்தான் உன்னிடம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். உன் இடத்தில் நின்று உன் கையெழுத்தைப் போட்டது போதும்.

உனக்கு ஆசி கொடுக்கக் கையைத் தூக்கினேன். இந்தக் கையா என்று இருந்தது. இறக்கிவிட்டேன்.

செஃபெரினா


என்கார்னசியோன்
மே 4, வியாழன்

ஞானத்தாய்க்கு,

விசாரணைக்கு எழுதியதன் பிரதி இதோடு இருக்கிறது. இரண்டு பக்கம். நான் அங்கே இல்லாத பதினாறு நாளுக்கு மூன்று வரி. அங்கே இருந்த அந்தப் பத்து நிமிடத்துக்கு மீதி எல்லாம்.

கடைக்காரரிடமும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் என்னை நிறுத்தவில்லை. ஆனால் நான் தேய்த்து முடித்த வில்லைகளை இன்று அவரே எடுத்து மறுபடி அளந்து பார்த்தார். எனக்கு உறைத்தது. பிறகு, அளக்கட்டும் என்று இருந்தது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் நிலையத்துக்கு வர வேண்டாம். உங்களைக் கண்டால் சின்ன வயதில் செய்த மாதிரி உங்கள் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். அம்மாவிடமும் சொல்லாதீர்கள். இரண்டு மணிக்கு மிர்த்தாவின் கதவை நான் தனியாகத் தட்ட வேண்டும். என்ன சொல்வது என்று மூன்று நாளாகப் பழகிப் பார்க்கிறேன். "பள்ளியில் நாம் ஒரே பெஞ்சில்" என்று தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். "மஞ்சளாக இருந்தது" என்றுதான் தொடங்கப்போகிறேன். ரொம்பப் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது, குறையவில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் கையைக் கூப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆசி கொடுங்கள்.

அராமி கன்யேதே

(கையெழுத்தை மாற்றியிருக்கிறேன். சுழி இல்லை. கிறுக்கலாக இருக்கிறது, பழக வேண்டும்.)